கம்பிகளும் காதும்

இசையைப் பற்றி எழுதும் தகுதி எங்களுக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எங்களில் மூத்தவள் பள்ளி நாட்களில் ஆறு மாதம் வாய்ப்பாட்டு கற்று, அலங்காரத்தைத் தாண்டாமலே நின்றுபோனவள். இளையவனுக்கு அந்த ஆறு மாதமும் வாய்க்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்வதென்றால் சிந்தசைசர் என்ற கருவியைப் பற்றி, அதிலும் கணினித் திரைக்குள் மட்டுமே இருக்கிற ஒரு சிந்தசைசரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு உடன்வர வேண்டும். நடுவில் கொஞ்சம் மின்னழுத்தக் கணக்கும் வரும்.

விஷயம் தொடங்கியது அம்மாவின் காதில். 2020-ஆம் ஆண்டு எல்லோரும் முகக்கவசம் அணியத் தொடங்கியபோதுதான் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் எங்கள் உதடுகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்; தாம் படிக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. உதடு மறைந்ததும் உலகம் மறைந்துவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். ஒரு பையன் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொன்னால் பின் வரிசையிலிருந்தே பிடித்துவிடுகிறவர் என்று பெயர் எடுத்தவர். அவர் இப்போது 'கடைக்குப் போகிறோம்' என்றால் 'யாருக்குச் சடை?' என்று கேட்டார்.

நாங்கள் சத்தமாகப் பேசினோம். புரியாதபோது இன்னும் சத்தமாகப் பேசினோம். இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் நடந்த உரையாடல்களைப் பக்கத்து வீட்டார் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"கத்தாதீங்க, காது வலிக்குது. ஆனா என்ன சொல்றீங்கன்னுதான் தெரியலை."

வலிக்கிற அளவுக்குக் கேட்கிறதென்றால் புரியாமல் எப்படிப் போகும்? இது பிடிவாதம் என்றே முடிவு கட்டினோம். வயதானவர்களின் பிடிவாதத்தைப் பற்றி எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அதுவும் அவர் எதிரிலேயே, தாழ்ந்த குரலில். அது கேட்காது என்ற தைரியம். 2021-இல் பரிசோதனை செய்து ஒரு வரைபடத்தோடும், காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்றோடும் வீடு திரும்பினோம். பத்து நாள் மாட்டினார். பிறகு அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. வரைபடத்தை நாங்கள் ஒரு கோப்பில் செருகி வைத்தோம். அதைப் படிக்க எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது உறைக்கவும் இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் இளையவன் தன் கணினியில் விசிவி ரேக் என்ற மென்பொருளை நிறுவினான். ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் எழுதி 2017-இல் முதலில் வெளியிட்டது. மூல நிரல் திறந்தது. அடிப்படைப் பதிப்புக்கு விலை இல்லை. விலை இல்லை என்பதுதான் அவன் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

ஆர்மோனியத்தை வாங்கினால் ஒலி பிறக்கும் நாக்கும், காற்றடிக்கும் துருத்தியும், சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டைகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். வாங்கியவர் அவற்றைப் பிரித்து யோசிக்க வேண்டியதில்லை. மாடுலர் சிந்தசைசரில் அவை தனித்தனிப் பெட்டிகள். ஒலியைப் பிறப்பிப்பது ஒன்று, கழிப்பது ஒன்று, அளவைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் என்று பெயர். கம்பியால் இணைக்கும்வரை அவை ஒன்றுக்கொன்று அறிமுகமற்றவை. 1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கும், ஏறத்தாழ அதே சமயத்தில் நாட்டின் மறுகரையில் டான் புக்லாவும் இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கினார்கள். இருவரும் பற்றிக்கொண்ட எண்ணம் ஒன்றே: ஒரு குமிழை மனிதன் கையால் திருப்புவதற்குப் பதில் இன்னொரு பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தம் திருப்பட்டும். மாட்யூல்களின் பெயர்களில் 'வோல்டேஜ் கண்ட்ரோல்டு' என்ற அடைமொழி தொற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1969-இல் டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டு மின்னிசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் இசை அமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, பால் பர்கஸ் என்ற கலைஞரின் கையில் அகப்பட்டு, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்த காலத்தில் நம் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அம்மாவுக்கு அவ்வளவாக இல்லை.

திரைக்குள் இருக்கும் ரேக் அந்தப் பழைய மரப்பெட்டிகளைப் பார்த்து வரைந்தது போல இருக்கும். ஓரங்களில் திருகாணிகள்கூட உண்டு. எதையும் அவை தாங்குவதில்லை. கம்பியை ஒரு துளையிலிருந்து இழுத்து இன்னொரு துளையில் விட்டால், எடையே இல்லாத அந்தக் கம்பி மெள்ளத் தொய்ந்து தொங்குகிறது. எவ்வளவு தொய்ய வேண்டும் என்பதற்கும் ஓர் அமைப்பு கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் முழுவதும் நாங்கள் அதைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

முதலில் எடுத்தது விசிஓ என்ற அலையியற்றி. நான்கு துளைகளில் நான்கு அலைகள் வருகின்றன: வளைவான சைன், முக்கோணம், ரம்பப் பல், சதுரம். சைன் அலையைக் கேட்டால் யாரோ வெறும் பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல் இருக்கும். ரம்பப் பல்லோ பெயருக்கேற்ப அறுக்கும். காரணம், முன்னதில் ஒரே ஓர் அதிர்வெண். பின்னதில் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேலே போகும் எல்லாமும். இந்த அலையியற்றிக்கு எந்தச் சுரம் வேண்டும் என்பதை மின்னழுத்தத்தால் சொல்ல வேண்டும். சுழி வோல்ட் என்றால் பியானோவின் நடு 'சி', அதாவது நொடிக்கு 261.6 அதிர்வுகள். ஒரு வோல்ட் கூட்டினால் அது இரட்டிக்கும். ஒரு ஸ்தாயி மேலே போகும். இன்னொரு வோல்ட் கூட்டினால் மறுபடி இரட்டிக்கும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. இந்த ஒரு வரிக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோப்பில் கிடந்த வரைபடத்தைத் திறந்த சாவி பின்னால் இதுவாகவே இருந்தது.

அலையியற்றியை ஒலிபெருக்கியோடு கட்டினால் அது நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு விசிஏ என்ற பெருக்கி வேண்டும். அந்தப் பெருக்கிக்கு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்ல ஏடிஎஸ்ஆர் என்ற வேறொன்று. நாங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டியும் முழுமையான மௌனம். கணினியின் ஒலியமைப்பைச் சந்தேகித்தோம், ஹெட்ஃபோனைச் சந்தேகித்தோம், வழக்கம்போல் ஒருவரையொருவர் சந்தேகித்தோம். ஏடிஎஸ்ஆருக்கு 'கேட்' என்றொரு துளை இருக்கிறது. 'இப்போது கட்டை அழுத்தப்பட்டிருக்கிறது' என்ற செய்தி அதற்குள் வரவேண்டும். வராதவரை அது சுழி வோல்ட்டையே பெருக்கிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பெருக்கியும் சொன்ன சொல் தட்டாமல் மூடியே இருக்கும். எதுவும் பழுதில்லை, எல்லாம் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள்தான் கேட்கவில்லை.

மாட்யூல்களைப் புரிந்துகொள்வது என்பதன் பொருள் அன்று கொஞ்சம் விளங்கியது. ஒரு மாட்யூல் என்ன செய்கிறது என்று படிப்பது எளிது. அது எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நாட்கணக்காகிறது.

எல்எஃப்ஓ என்ற மெதுவான அலையியற்றி எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக அமைந்தது. நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால் டிக், டிக் என்று தட்டும். குமிழை மேலே திருப்பத் திருப்பத் தட்டல்கள் நெருங்கும். நொடிக்கு இருபதைத் தாண்டும் இடத்தில் தட்டல்கள் மறைந்து ஒரு கனத்த சுரம் எழும். எந்தக் கணத்தில் தாளம் சுரமானது என்று எங்கள் இருவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கட்டுப்பாட்டுக்கு ஒரு வகை மின்னழுத்தம், ஒலிக்கு ஒரு வகை மின்னழுத்தம் என்று இரண்டு இல்லை, வேகம்தான் வேறு. இரவு பதினோரு மணிக்கு இதைக் கண்டுபிடித்து, உலகில் நாங்களே முதலில் கண்டதுபோல் குதூகலித்தோம்.

சீக்வென்சர், சாம்பிள் அண்ட் ஹோல்ட், குவான்டைசர் என்று இன்னும் பல. நூலகத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறோம். இங்கே சொல்ல வேண்டியது விசிஎஃப் என்ற வடிகட்டியைப் பற்றி.

மூக்கின் கருவிகளுக்குப் புகழ் சேர்த்தது அவருடைய வடிகட்டி. சுற்றுப்படத்தில் டிரான்சிஸ்டர்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருப்பதால் 'ஏணி' என்று பெயர். 1969-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஓர் எல்லையை வைத்தால் அதற்குக் கீழ் உள்ளதை விட்டுவிட்டு, மேலே உள்ளதை ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் சரித்துவிடும். ரேக்கில் உள்ள அடிப்படை வடிகட்டியும் அந்த ஏணியின் கணித நகல்தான். ரம்பப் பல் அலையை அதற்குள் அனுப்பி எல்லையை மெள்ளக் கீழே இறக்கினால், அறுத்துக்கொண்டிருந்த ஒலி மழுங்கி, உருண்டு, கடைசியில் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். 'போர்வைக்குள் இருந்து' என்ற சொற்களைச் சொன்னவள் மூத்தவள். சொன்ன பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அம்மா பலமுறை சொன்ன சொற்கள் அவை: "நீங்க பேசறது கம்பளிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு."

கோப்பைத் தேடி எடுத்தோம். அந்த வரைபடத்தின் மேல் விளிம்பில் எண்கள் இருந்தன: 250, 500, 1000, 2000, 4000, 8000. முன்பு பார்த்தபோது அவை வெறும் எண்கள். இப்போது பார்த்தவுடன் தெரிந்தது, ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்தாயி. எங்கள் மொழியில் ஒரு வோல்ட். நடு 'சி'க்குப் பக்கத்தில் தொடங்கி ஐந்து வோல்ட் வரை. பக்கவாட்டில் டெசிபல், கீழ்நோக்கி. அம்மாவின் கோடு 250-லும் 500-லும் இருபதையொட்டி நல்லபடியாகவே போகிறது. 1000-இல் முப்பது, 2000-இல் ஐம்பது, 4000-இல் எழுபது, 8000-இல் எண்பது. அது ஒரு வடிகட்டியின் படம். ஏணியைவிடச் சரிவு கொஞ்சம் குறைவு, அவ்வளவே. இரண்டு ஆண்டுகளாக எங்கள் அலமாரியில் இருந்திருக்கிறது.

மறுநாள் ஒலிவாங்கியை ரேக்குக்குள் கொண்டுவந்தோம். ஒலிவாங்கி, வடிகட்டி, பெருக்கி, ஹெட்ஃபோன்: மூன்றே கம்பிகள். (முதலில் ஹெட்ஃபோனுக்குப் பதில் ஒலிபெருக்கியை இணைத்து வீடே அலறும்படி ஒரு கீச்சொலியை எழுப்பினோம். பெருக்கியிலிருந்து வெளியே போன ஒலி ஒலிவாங்கிக்கே திரும்பி வந்து வளரும் கீச்சொலி அது. அம்மாவின் கருவியைக் காதில் சரியாகப் பொருத்தாதபோது எழுந்ததும் அதே கீச்சுதான்; 'மெஷின் கெட்டுப்போச்சு' என்று அப்போது சொல்லியிருந்தோம்.) வடிகட்டியின் எல்லையை 1000-க்குப் பக்கத்தில் வைத்தோம். மூத்தவள் அடுத்த அறையில் உட்கார்ந்து, கடை, சடை, தடை, படை, வடை என்ற ஐந்து சொற்களைக் கலைத்துக் கலைத்து இருபது முறை வாசித்தாள். இளையவன் கேட்டதை எழுதினான்.

ஏழு சரி. அந்த ஏழில் நான்கு வடை. அந்த வகரம் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே பிழைத்துக்கொள்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை அவன் காதில் ஒரே சொல்லாக விழுந்தன: அடை. அடை, அடை, அடை. எழுதிய தாளை வைத்துக்கொண்டு சிரித்தோம். அம்மா ஒருநாள் கடையைப் பற்றிய பேச்சுக்கு 'அரிசி ஊறவே போடலையே' என்று பதில் சொன்னதும், நாங்கள் சலித்துக்கொண்டதும் நினைவுக்கு வர, சிரிப்பு அங்கேயே நின்றது.

பிறகு பெருக்கியை உயர்த்தினோம். இதைச் செய்யும் முன்பே என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டுப் பார்க்காதவரை நம்ப மனம் வரவில்லை. ஒலி பெரிதாயிற்று. உயிரெழுத்துகள் மண்டைக்குள் முழங்கின. சொல் மட்டும் அதே அடை. இன்னும் உயர்த்தினோம். இளையவன் ஹெட்ஃபோனைக் கழற்றி, "கத்தாதே அக்கா, காது வலிக்குது. என்ன சொல்றேன்னும் தெரியலை" என்றான். அது யாருடைய வாசகம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

இரண்டு ஆண்டுகள் நாங்கள் அம்மாவிடம் செய்துகொண்டிருந்தது பெருக்கியின் வேலை. அவருக்குப் பழுதாகியிருந்தது வடிகட்டியின் பக்கம். வேறொரு மாட்யூலின் குமிழைத் திருப்பிக்கொண்டே, ஏன் மாறவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டிருந்தோம்.

எழுத்துகளை இந்தக் கோணத்தில் நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. உயிரொலிகளின் வலிமையெல்லாம் பெரும்பாலும் கீழே, ஆயிரம் ஹெர்ட்ஸின் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. சகரம் 'ஸ' போல உரசி ஒலிக்கும்போது அதன் இருப்பிடம் 4000-க்கும் 8000-க்கும் இடையே. பழைய தொலைபேசிகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுசெல்லும். முகவரி சொல்லும்போது 'சங்கரனில் வரும் ச' என்று விளக்க வேண்டியிருந்தது அதனால்தான். கால அளவிலும் மெய்க்கு நீடிப்பு குறைவு. நம் இலக்கணம் மெய்க்கு அரை மாத்திரையும் குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் கொடுத்து, மாத்திரையைக் கண் இமைப்பதைக் கொண்டும் கை நொடிப்பதைக் கொண்டும் அளந்தது. ஏடிஎஸ்ஆரின் முதல் எழுத்தான 'அட்டாக்', அதாவது ஒலி எழும் அந்தத் தொடக்கக் கணம், ஏறக்குறைய மெய்யின் இடம். சொல்லை வேறுபடுத்துவது அங்கே நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு வருவது நீடிப்பு.

அம்மாவை அழைத்து உட்காரவைத்தோம். அவருக்கு விளக்குவதில் ஒரு சிக்கல்: விளக்கமே காது வழியாகப் போகக்கூடாது. ஸ்கோப் என்ற மாட்யூலைப் பெரிதாக்கினோம். வரும் ஒலியின் அலையை அது படமாகக் காட்டும். இளையவன் 'ஆ' என்று நீட்டினான். திரையில் மலைத்தொடர் போல் பெரிய பெரிய அலைகள். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்றான். மலைகள் மறைந்து, அறுகம்புல் போல் குட்டையாக, அடர்த்தியாக ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் விரலை வைத்து அந்தப் புல்லைத் தொட்டார்.

"இது இப்ப சத்தமா வருதா?"

வருகிறது என்று தலையசைத்தோம்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்றார். புகாராகச் சொல்லவில்லை. காணாமல் போன பொருள் எந்த அறையில் தொலைந்தது என்று தெரிந்துகொண்டவரின் குரலாக இருந்தது.

வடிகட்டி சொன்னது முழு உண்மையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செவித்திறன் நிபுணரிடம் மறுபடியும் போனபோது அவர் பொறுமையாக விளக்கினார். உட்செவியின் நத்தைச் சுருளில் உயர்ந்த ஒலிகளுக்கான இடம் வாசலை ஒட்டியும், தாழ்ந்த ஒலிகளுக்கானது உள்ளே நுனியிலும் இருக்கிறது. வயதில் முதலில் நலிவது வாசற்பக்கம். அங்குள்ள மயிர்ச்செல்களில் வெளிவரிசையில் இருப்பவை மெல்லிய ஒலிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்குகின்றன. பெரிய ஒலிகளை அப்படியே விட்டுவிடுகின்றன. அவை போய்விட்டால் மெல்லியது கேட்காது, பெரியது முன்பு போலவே பெரிதாகக் கேட்கும். இடையில் இருந்த வெளி சுருங்கிவிடும். அதனால்தான் சற்று உயர்த்தினாலே வலிக்கிறது. நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறிவதும் மழுங்கிப்போகும். அதை எந்த வடிகட்டியும் நடித்துக்காட்டாது. ஆக, நாங்கள் ஒரு மாலை ஹெட்ஃபோனில் கேட்டது அம்மாவின் காதை அன்று. அதன் ஒரு பக்கத்தை மட்டும்தான்.

ஆனால் அவர் கணினியில் கருவியின் அமைப்பைத் திறந்தபோது திரையைப் பார்த்து நாங்கள் மிரளவில்லை. அலைவரிசைகள் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் மெல்லிய ஒலிக்கு எவ்வளவு, பெரிய ஒலிக்கு எவ்வளவு என்று தனித்தனிப் பெருக்கம். வடிகட்டிகளும், வரும் ஒலியின் அளவைப் பார்த்துத் தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் பெருக்கிகளும். கம்பிகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. பழகும்வரை தாங்கட்டும் என்று முதல் முறை பெருக்கத்தைக் குறைவாக வைத்திருந்தார்களாம். சில வாரங்கள் கழித்து வந்து படிப்படியாக உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். குறிப்புச் சீட்டிலும் எழுதியிருந்தது. சீட்டும் கோப்பில்தான் இருந்தது. நாங்கள் போகவில்லை.

மூன்று முறை போய்வந்த பிறகு அம்மா கருவியைக் காலையில் மாட்டி இரவில் கழற்றும் நிலைக்கு வந்தார். முதல் மாதம் முழுவதும் புகார்தான். செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் உரசுவதுபோல் இருக்கிறது. பிளாஸ்டிக் பையை யார் இப்படிக் கசக்குகிறார்கள். குழாயில் நீர் விழுவது மழை போல் இருக்கிறது. இவையெல்லாம் அந்த அறுகம்புல் ஒலிகள். கல்யாண மண்டபத்தில் இன்றும் அவருக்கு எதுவும் புரிவதில்லை. கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுகிறார். 'தடை'யும் 'படை'யும் இன்றும் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. நாங்களும் சிலவற்றைப் பழகிக்கொண்டோம். அடுக்களையிலிருந்து கூப்பிடுவதில்லை, எதிரே போய் நின்று, தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டி, சாதாரணக் குரலில் பேசுகிறோம். அவர் எதிரில் தாழ்ந்த குரலில் எதையும் சொல்வதில்லை. சில கேட்டுவிடுகின்றன என்பதும் ஒரு காரணம்.

கடைசி முறை போயிருந்தபோது, வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களையும் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார் நிபுணர். மூத்தவளின் கோடு வயதுக்கேற்றபடி இருந்தது. இளையவனின் கோடு 4000-இல் ஒரு குழியில் இறங்கி, 8000-இல் மறுபடி ஏறியிருந்தது. பெருஞ்சத்தத்தில் பல காலம் புழங்கியவர்களின் காதில் அந்த இடத்தில் குழி விழும் என்றார். சத்தமுள்ள வேலையா என்று கேட்டார். இல்லை என்றான். ஹெட்ஃபோன் என்று மூத்தவள் சொன்னாள்.

ரேக்கை இப்போதும் திறக்கிறோம். மூன்று கம்பிகள் கொண்ட அந்த இணைப்பு 'அடை' என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதை மாற்றவில்லை. சென்ற வாரம் இளையவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஏதோ சீக்வென்சரை முடுக்கிவிட்டு மெய்ம்மறந்திருந்தான். அறையின் மறுகோடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உன் காதுலேர்ந்து 'ட்ஸ் ட்ஸ்'னு வெளியில கேக்குது. சத்தத்தைக் குறைடா."